ஆறு நிமிடச் சராசரி

பொத்தானை அழுத்திவிட்டுத் திருமூர்த்தி மெதுவாகப் பின்னால் நகர்ந்து, துணி அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவில் இருந்த சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டான். இனி ஆறு நிமிடம். அறையின் நடுவில் மூன்று கால் ஸ்டாண்டின் மேல் மீட்டர் நின்றது. அதன் தலையில் ஆரஞ்சுப் பழ அளவுக்கு ஒரு மஞ்சள் உருண்டை, உருண்டைக்குள் செல்போன் கோபுரத்திலிருந்து வரும் அலைகளைப் பிடிக்கிற கம்பிகள். வருகிற அலை ஒரு நிலையில் நிற்காது, பக்கத்துத் தெருவில் நாலு பேர் போனை எடுத்தால் ஏறும், வைத்தால் இறங்கும், அதனால்தான் ஆறு நிமிடம் விட்டுச் சராசரி எடுக்க வேண்டும் என்று விதி. அதுவரை கிட்டே யாரும் போகக் கூடாது, மனித உடம்பே குறுக்கே நின்று கணக்கைக் கெடுத்துவிடும். பத்தொன்பது வருடமாக இதுதான் அவன் பிழைப்பு. எத்தனை வீடு, எத்தனை மொட்டை மாடி, எத்தனை ஆறு நிமிடம். எல்லாவற்றையும் சேர்த்தால் ஆயுளில் சில மாதங்கள் இப்படிச் சுவரோடு சுவராக நின்றே கழிந்திருக்கும், நின்றிருந்தால். நின்றிருந்தால் என்று மனசு தானாகச் சேர்த்துக்கொண்டதை அவன் கவனித்தான். காலையிலிருந்தே அது இப்படித்தான், ஒவ்வொரு நினைப்பின் வாலிலும் ஒரு சொல்லைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது. வாசல்படிக்கு வெளியே, கதவு நிலையைப் பிடித்தபடி இந்த வீட்டுக்காரி கலாமணி நின்றாள். முப்பத்தெட்டு வயதிருக்கும். உள்ளே வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாமுங்க, அங்கேயே நில்லுங்க என்று சொல்லியிருந்தான். அவள் பார்வை மீட்டரின் திரையை விட்டு அசையவில்லை. திரையில் வருவது, அரசாங்கம் வகுத்த வரம்பை நூறு என்று வைத்தால் இங்கே இருப்பது எவ்வளவு என்கிற கணக்கு. முதல் எண் ஒன்று புள்ளி ஒன்பது. அந்த எண் தனக்கு நல்லதா கெட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஒன்று புள்ளி ஏழு. இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த அறைக்கு அவன் எழுதிய எண் அது. எழுதிய எண், அளந்த எண் அல்ல. பின்புறத்துக் கல்யாண மண்டபத்து மாடியில் புதிதாகக் கோபுரம் வந்தது என்று இந்தத் தெருவே மனுப் போட்டிருந்தபோது செல்போன் கம்பெனி அவனைத்தான் அனுப்பியது. அன்று துடியலூர் பக்கம் நாலு இடம், மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது, ஆனால் அதெல்லாம் சாக்கு. உண்மையான காரணம் ஒரு காலுறை. அப்படி யோசிக்கும்போதே அவனுக்குக் காது சூடானது. தொழிலுக்குப் போடுகிற கனத்த பூட்ஸ், கணுக்காலுக்கு மேல் வரை கயிறு, அதைக் கழற்றாமல் யார் வீட்டுக்குள்ளும் காலை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. கழற்றினால் இடது காலுறையில் இருந்த ஓட்டை வழியாகப் பெருவிரல் எட்டிப் பார்க்கும். அன்று காலையில் போட்டபோதே தெரியும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தான். இந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது உள்ளே பளபளவென்று டைல்ஸ், சுத்தமான மாடிப்படி. முற்றத்தில் ஸ்டாண்டை வைத்து ஒரு ஆறு நிமிடம் பார்த்தான். அது இரண்டு புள்ளி ஒன்று. மேல் அறைக்கு ஒன்று புள்ளி ஏழு, மொட்டை மாடிக்கு மூன்று புள்ளி மூன்று என்று பூட்ஸைக் கழற்றாமலே எழுதினான். மாடியில் கூடும், அறைக்குள் குறையும், சுவர் தடுக்கும், எல்லாம் தெரிந்ததுதானே. பொய்யாக எழுதும் எண்ணுக்கு என்று ஒரு கைவாகு உண்டு, ஐந்து பத்து என்று முழுசாக எழுதினால் யாருக்கும் சந்தேகம் வரும், ஏழும் மூன்றும் போட்டால் அளந்த மாதிரியே இருக்கும். இதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தானாகவே வந்துவிடுகிற திறமை அது. அவனுக்குக் கொஞ்சம் கூடவே வந்திருந்தது.

இன்று வெறுங்காலோடு நின்றான். பூட்ஸ் கீழே வாசலில் இருந்தது, காலுறைகளையும் உருட்டி அதற்குள்ளேயே திணித்துவிட்டு வந்திருந்தான். டைல்ஸ் குளிர்ந்தது. அறை முழுக்க பினாயில் வாடை, அதுவும் ஒரு முறை துடைத்த வாடை அல்ல, நாலைந்து நாளாகத் துடைத்துத் துடைத்து ஊறிய வாடை. புள்ளைக்குக் கிருமி ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க என்று படியேறும்போது கலாமணி சொன்னாள். கட்டிலில் புது மெத்தை விரிப்பு, மடிப்புக் கூடக் கலையாமல். அலமாரிக் கதவின் கைப்பிடியில் நீச்சல் கண்ணாடி ஒன்று தொங்கியது. ஒன்பது வயதுப் பெண். வர்ணிகா. பதினோரு மாதமாக ரத்தத்தில் புற்று. அப்பா ரங்கராஜ் இப்போது அவளோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறார், முதல் கட்ட வைத்தியம் முடிந்து வெள்ளிக்கிழமை கூட்டி வருகிறார்கள். கூட்டி வந்து எங்கே படுக்க வைப்பது, இதே கட்டிலில் வைக்கலாமா கூடாதா, கம்பெனிக்கு எழுதிய கடிதத்தில் அவள் கேட்டிருந்தது அந்த ஒரே கேள்விதான். போன புதன்கிழமை அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைப் படித்தபோது விலாசத்தைக் கண்டதும் அவனுக்கு அந்த முற்றமும், அதில் சாத்தியிருந்த ரோஸ் நிறச் சின்ன சைக்கிளும் ஞாபகம் வந்தன. சைக்கிளைச் சற்றே நகர்த்தித்தான் அன்று ஸ்டாண்டை வைத்தான். அது ஒரு குழந்தையின் சைக்கிள் என்பது கண்ணில் பட்டது, கருத்தில் படவில்லை. கருத்தில் பட்டிருந்தால் மேலே ஏறியிருப்பாயா என்று மனசு கேட்டது. தெரியாது. ஏறியிருப்பேன். இல்லை, ஏறியிருக்க மாட்டேன், ஓட்டைக் காலுறை அப்போதும் இருந்திருக்குமே. நாலு நாளாக இந்த இடத்துக்கே வந்து வந்து முட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு நிமிடம் நாற்பது வினாடி. ஒன்று புள்ளி ஆறு. இப்போதைய கோபுரங்கள் குழந்தைக்கு இப்படிச் செய்யும் என்று அவன் நம்பவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். நம்பாதவன் என்பதால்தான் எழுதவும் துணிந்தான். முந்நூறு வீட்டிலாவது அவன் உட்கார்ந்து விளக்கியிருப்பான், தெருவிளக்கு இருக்குதுங்களே, அடியில நின்னா வெளிச்சம், அம்பது அடி தள்ளிப் போனா புஸ்தகம் கூடப் படிக்க முடியாது, கோபுரமும் அப்படித்தானுங்க, உங்க காதுல வெச்சுப் பேசற போனுதான் அதை விடக் கூட, என்று. கேட்டுவிட்டுத் தலையாட்டுவார்கள், காபி தருவார்கள், அவன் தெரு முனை திரும்புவதற்குள் மறுபடி பயப்பட ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களைக் கேலி செய்ய அவனுக்கு என்ன யோக்கியதை. அவன் மனைவி சுகந்தி முழுகாமல் இருந்தபோது, படுக்கையறையில் இருந்த வைபை பெட்டியைக் கழற்றிக் கூடத்தில் மாட்டினான். ஏனுங்க என்று கேட்டவளிடம் அங்கதான் சிக்னல் நல்லா எடுக்கும் என்று சொன்னான். எந்த எண்ணும் அவனைக் கழற்றச் சொல்லவில்லை. இரண்டு நாள் முன்னதாகத்தான் தானே மீட்டரை வைத்துப் பார்த்திருந்தான், பயப்பட ஒன்றும் இல்லை, ஆனாலும் கழற்றினான். தெரிந்தது மண்டையில் இருக்கும், பயம் வேறு எங்கேயோ குடியிருக்கும், இரண்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தையே கிடையாது. இப்போது மிருதுளாவுக்குப் பதினாலு வயது, போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குகிறாள், திட்டினால் நீங்கதான அப்பா ஒண்ணும் ஆகாதும்பீங்க என்கிறாள். ஆகாதுதான். ஆகாது என்று இன்னொருத்தர் பெண்ணுக்குச் சொல்லும்போது வாய் எவ்வளவு லேசாகத் திறந்துகொள்கிறது.

கலாமணி கால் மாற்றி நின்றாள். வளையல் கதவில் பட்டு ஒலித்தது, அவள் சட்டென்று அதைப் பிடித்து அடக்கினாள், சத்தம் கூட மீட்டரைக் கெடுத்துவிடும் என்று நினைத்தவள் போல. சத்தம் போட்டா ஒண்ணும் இல்லீங்க என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை. பேசினால் குரலை வைத்து அடையாளம் கண்டுவிடுவாளோ. இதுவரைக்கும் அவள் அவனைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்று தலையில் ஹெல்மெட் இருந்தது, மீசை இருந்தது, இருபது நிமிடத்துக்கு மேல் இந்த வீட்டில் நிற்கவில்லை. யார் வெளியே வந்தார்கள், யாரிடம் கையெழுத்துக்குத் தாளை நீட்டினான் என்று யோசித்துப் பார்த்தான், முகமே இல்லாத ஒரு ஆள்தான் ஞாபகத்தில் வந்தது. ஒரு நாளைக்கு நாலு வீடு, எல்லா வீட்டிலும் ஒரு ஆள். அதை விடு. பெரிய விஷயம் அது இல்லை. பெரிய விஷயம், இன்றைக்கு என்ன எண் வந்தாலும் அது இன்றைய எண் என்பதுதான். இந்த இரண்டு வருடத்தில் மண்டபத்துக் கோபுரத்தில் ஆண்டெனாக்களை மாற்றிவிட்டார்கள், முகத்தைத் திருப்பி வைத்துவிட்டார்கள், ஏற்றி இறக்கிவிட்டார்கள். அன்றைக்கு இந்தக் கட்டில் மேல் என்ன விழுந்துகொண்டிருந்தது என்று இனி எந்த மீட்டரும் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள உலகத்திலேயே ஒரே ஒரு மனிதனுக்கு வாய்ப்பு இருந்தது, அவன் கயிறு அவிழ்க்கச் சோம்பினான். சோம்பினான் இல்லை, கூச்சப்பட்டான். எந்தச் சொல்லைப் போட்டாலும் கனம் குறையவில்லை. ஒன்றுமே இல்லாமல்தான் இருந்திருக்கும், தொண்ணூற்றொன்பது பங்கு அப்படித்தான், ஆனால் மிச்சம் இருந்த அந்த ஒரு பங்கு நாலு நாளாகச் சோற்றில் கல்லாக அகப்பட்டுக்கொண்டே இருந்தது.

நாலாவது நிமிடம் தொடங்கியிருக்கும். திரையில் எண் ஏறியது. ஒன்று புள்ளி ஒன்பது, இரண்டு புள்ளி ஏழு, அவன் நிமிர்வதற்குள் நாலு, ஆறு.

"சார்," என்றாள் கலாமணி. "சார், ஏறுது. ஏறுதுங்க சார்!"

எட்டு புள்ளி இரண்டு. அவள் கதவு நிலையை விட்டுவிட்டு இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் வந்ததைச் சந்தோஷம் என்று சொல்லக் கூடாது, ஆனால் வேறு என்னவென்று சொல்வது. பதினோரு மாதமாக இருட்டில் துழாவிக்கொண்டிருந்த கைக்குக் குற்றவாளி ஒருவனின் சட்டை அகப்பட்டுவிட்டது.

"நான் சொன்னனுங்களே. எல்லாரும் எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னாங்க. டாக்டரு காரணம்னு ஒண்ணும் கெடையாதுங்கறாரு. காரணம் இல்லாம எப்படீங்க வரும்? இவ பொறந்ததுல இருந்து வெளிச் சாப்பாடு கூடக் குடுத்ததில்லைங்க நான்."

அவனுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. சட்டைப் பையில், இடது மார்புக்கு மேலே, சத்தமில்லாமல் அதிர்ந்துகொண்டிருந்தது அவனுடைய சொந்த போன். அவளுடைய போனைச் சமையலறையில் வைத்துவிட்டு வரச் சொன்னான், வைபை பெட்டியின் ஸ்விட்சை அணைக்கச் சொன்னான், பக்கத்து அறையில் இருந்த பாடம் படிக்கிற டேப்லெட்டைக் கூட விடவில்லை. எல்லோரையும் அணைக்கச் சொல்லிவிட்டுத் தன்னுடையதை மறந்தான். இந்தத் தொழிலுக்கு வருகிற பொடியன்கள் முதல் வாரத்தில் செய்கிற தப்பு, அவனே எத்தனை பேரை ஏசியிருக்கிறான். சுகந்தியாகத்தான் இருக்கும், பதினோரு மணிக்கு அவள்தான் கூப்பிடுவாள், எதற்காவது. ஆறேழு அடி தள்ளி நின்றாலும் போதும், மீட்டர் அவனைத்தான் அளந்துகொண்டிருந்தது. அதிர்வு நின்றது. எண் மெதுவாக இறங்க ஆரம்பித்தது, ஆனால் சராசரியில் அது ஏறிவிட்டது, இந்த ஆறு நிமிடம் முழுக்க அழுக்கு. விதிப்படி அழித்துவிட்டு முதலிலிருந்து வைக்க வேண்டும். அல்லது வைக்காமலும் இருக்கலாம். அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இப்படியே விட்டுவிட்டால் என்ன? எட்டு என்பதும் வரம்புக்கு வெகு கீழேதான், யார் தலையும் போகாது. கம்பெனி ஒரு ஆண்டெனாவின் முகத்தைக் கொஞ்சம் திருப்பி வைக்கும், அவ்வளவுதான். இந்தப் பெண்பிள்ளைக்கு ஒரு காரணம் கிடைக்கும். மண்டபத்து மாடியில் நிற்கிற இரும்பைப் பார்த்துத் தினம் சாபம் கொடுக்கலாம், தன்னைச் சபித்துக்கொள்வதை விட அது மேல் இல்லையா. மறுபக்கம், அழித்துவிட்டு உண்மையைச் சொன்னால் எண் மறுபடி ஒன்றரைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அவன் எழுதிய ஒன்று புள்ளி ஏழுக்கு அண்டை வீடு, அவன் தப்பித்துக்கொள்வான். உண்மையைச் சொன்னால் தப்பிக்கிறோம் என்பதுதான் அவனுக்குத் தாங்க முடியாத அருவருப்பாக இருந்தது. பொய் சொன்னால் அவளுக்கு உபகாரம், நிஜம் சொன்னால் தனக்கு லாபம், எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகமே எதிரே வந்தது. அவள் இன்னும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை இந்தக் கட்டிலை வேறு அறைக்குத் தூக்குவாள், வீட்டையே விற்பாள், வேறு ஊர் போவாள், அங்கேயும் ஒரு கோபுரம் இருக்கும், அதன் நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையின்போதும் எட்டு எட்டு என்று எண்ணிக்கொண்டிருப்பாள். அந்த எட்டு அவன் சட்டைப் பையிலிருந்து வந்தது. ஒரு முறை அவன் கையால் ஒரு எண்ணைக் கொடுத்து இந்த வீட்டை ஏமாற்றினான், இரண்டாவது முறை பையிலிருந்தா.

"மேடம்," என்றான். "அது கோபுரம் இல்லீங்க. என்ற போனுங்க. பையில இருந்துச்சு, மறந்துட்டேன். கால் வந்துச்சுங்க, அதான் ஏறுச்சு."

அவள் புரியாதவள் போல அவன் பையைப் பார்த்தாள்.

"இது செல்லாதுங்க. அழிச்சுட்டு மொதல்ல இருந்து வெக்கோணும்."

"உங்க போனுங்களா?"

"ஆமாங்க. மன்னிச்சுக்குங்க."

அவன் போனை அணைத்து, கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி, முற்றத்துச் சுவர் மேல் வைத்துவிட்டு மறுபடி ஏறி வந்தான். யார் கூப்பிட்டது என்று பார்க்கவில்லை. வாசலில் அவளைத் தாண்டி உள்ளே வரும்போது அவள் ஒதுங்கிக்கொண்டாள், சேலைத் தலைப்பை இழுத்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் எண்ணை அழித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினான், சுவருக்குப் போனான்.

இந்த ஆறு நிமிடம் முந்தியதைப் போல ஓடவில்லை. நினைப்பு ஒன்றும் வரவில்லை, வந்ததும் பாதியிலேயே கழன்று விழுந்தது. சன்னலுக்கு வெளியே மண்டபத்துக் கோபுரம் வெயிலில் நின்றது, சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி, உச்சியில் ஒரு காக்கை. கீழே மண்டபத்தில் நாளைக்குக் கல்யாணம் போல, வாழை மரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவன் இன்னொருவனை அந்தப் பக்கம் போகச் சொல்லி அக்கட்டப் புடிடா, அக்கட்ட என்று கத்தினான். ஒன்று புள்ளி ஐந்து. ஏறு, ஏறு என்று ஒரு தடவை மனசு சொன்னது, அது தன் மனசா, வாசலில் நிற்பவளின் மனசா என்று அவனுக்கு விளங்கவில்லை. ஒன்று புள்ளி ஆறு. அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தான். அவள் திரையைப் பார்க்காமல் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு மெல்ல அசைந்தது, வேண்டிக்கொண்டிருந்தாளோ என்னவோ, எதை வேண்டினாளோ. மூன்று நிமிடம், நாலு, ஐந்து, ஆறு. மீட்டர் ஒரு முறை கீச்சிட்டு நின்றது.

"ஒண்ணு புள்ளி ஆறுங்க," என்றான்.

"அப்படின்னா?"

"இது வரைக்கும் இருக்கலாம்னு கவர்மெண்டு சொல்றது நூறுன்னா, இங்க இருக்கறது ஒண்ணரைக்கு இத்தூண்டு மேலங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

அவள் உள்ளே வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் துடைத்துத் துடைத்து யாரையும் தொடவிடாமல் காத்த விரிப்பு, அதன் மேல் உட்கார்ந்துவிட்டோம் என்பது கூட அவளுக்கு உறைக்கவில்லை. "வெள்ளிக்கிழமை இங்கயே படுக்க வெக்கலாமுங்களா?"

"வெக்கலாமுங்க," என்றான். போன முறை எண்ணாக எழுதிக் கொடுத்ததை இந்த முறை அளந்துவிட்டு வாயால் சொன்னான்.

"அன்னைக்கும் இதேதான இருந்திருக்கும்? ரெண்டு வருசத்துக்கு முந்தி?"

ஆமாங்க என்றால் முடிந்தது. ஒரே சொல். கேட்பவளே எடுத்து நீட்டுகிறாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கருணை என்று கூடச் சொல்லலாம் அதை, நாளைக்கு அவள் தூங்குவாள், அவனும் தூங்குவான். மீட்டரைக் கழற்றுவது போல உருண்டையைப் பிடித்தான், விட்டான். ஆமாம் என்பது உண்மையாகவே இருக்கலாம், இருக்கத்தான் இருக்கும், ஆனால் அவனுக்கு அது தெரியாது, தெரிந்த மாதிரி சொல்ல அவனுக்கு உரிமை இல்லை. இந்தத் தொழிலில் அவன் கற்றது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான், அளக்காததைச் சொல்லக் கூடாது. அதைத்தான் அவன் விட்டுவிட்டிருந்தான்.

"தெரியாதுங்க," என்றான். "அன்னைக்கு வந்தது நாந்தானுங்க. மேல வரலை. கீழ வாசல்ல மட்டும் வெச்சுப் பாத்தேன். இந்த ரூமுக்கு மனசுல வந்ததை எழுதீட்டுப் போயிட்டேனுங்க."

சொல்லிவிட்டு நின்றான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள், ரங்கராஜுக்குப் போன் போடுவாள், கம்பெனிக்கு எழுதுவாள், வேலை போகும். போகட்டும். அடி விழட்டும் என்று கூட இருந்தது, விழுந்தால் ஒரு வழியாக முடியும். அவள் தலையைத் தூக்கவில்லை.

"தெரியுமுங்க," என்றாள்.

அவனுக்குக் காதில் சரியாகத்தான் விழுந்தது.

"அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்டது யாருங்க? நாந்தான். மேல ரூம்லயும் வெச்சுப் பாத்தாங்க, நான் கூட இருந்தேன்னு அதுல எழுதியிருந்துச்சு. படிச்சுட்டுத்தான் போட்டேன்." அவள் விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். "தொவைச்ச துணி ரெண்டு நாளா மடிக்காம இந்தக் கட்டலு மேலதாங்க குமிஞ்சு கெடந்துச்சு. எம்பட உள்துணி கூட மேலாப்புல கெடந்துச்சு. வெளி ஆம்பள ஒருத்தரு வந்து பாத்தா என்ன நெனைப்பாங்கன்னு இருந்துச்சு. மேல வரோணும்னு கேட்டுருவீங்களோன்னு பயந்துட்டே நின்னேன். நீங்க கேக்கலை. அப்பாடான்னு போட்டுக் குடுத்தேன்."

வாழை மரம் இறக்குகிறவர்கள் கீழே சிரித்தார்கள். திருமூர்த்திக்கு அவமானமாக இருந்தது, அதற்குள்ளேயே எங்கோ ஒரு மூலையில், இவளுக்கும் இப்படியா என்று ஒரு நிம்மதியும் இருந்தது, அந்த நிம்மதிக்காக மறுபடி அவமானமாக இருந்தது.

"எங்கூட்டுக்காரருக்கு இது தெரியாதுங்க," என்றாள். "எங்கம்மாளுக்குக் கூடச் சொல்லலை. உங்களையே அனுப்பச் சொல்லி நாந்தான் கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். வேற ஆளு வந்தா இதை நான் யாருகிட்டச் சொல்லுவேன்?"

இப்போதுதான் அவள் அழுதாள். சத்தமில்லாமல், முகத்தை மூடிக்கொள்ளாமல், யாரோ ஒருத்தர் முன்னால் அழுவதற்குக் காத்திருந்தவளாக அழுதாள். அவன் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றான். உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அவன் கண்ணும் நிறைந்தது, அதை அவன் மறைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உட்கார்ந்த இடத்தில் விரிப்பு கசங்கியிருந்தது.

"இன்னொரு தடவை வெக்கறீங்களா சார்?"

"அதேதானுங்க வரும். சும்மா ஒரு புள்ளி ரெண்டு புள்ளி..."

"வரட்டும்ங்க. தெரியும்." அவள் மீட்டரைப் பார்த்தாள். "அது ஓடிட்டு இருக்கறப்ப இன்னும் தெரியலைன்னு இருந்துச்சு. எம் மேல தப்பில்லைன்னு இருந்துச்சு. கொஞ்ச நேரந்தான். அது போதுமுங்க."

அவன் எண்ணை அழித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினான். அவள் வாசலுக்குப் போகாமல் அவன் நின்ற சுவருக்கே வந்தாள், ஒரு முழம் இடைவெளி விட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.